தலைக்கு 72 டாலர்

கனடாவின் முதல் குடிகளும் அரசு மருத்துவமும் – 9

சென்ற பகுதியில் 1876ஆம் ஆண்டின் ஆறாம் உடன்படிக்கையைப் பார்த்தோம். பெரியம்மையில் உற்றாரை வாரிக் கொடுத்திருந்த க்ரீ தலைவர்கள் அரசுப் பிரதிநிதிகளிடம் வாதாடி, ஒவ்வொரு அரசு ஏஜென்ட்டின் வீட்டிலும் மக்களின் தேவைக்காக ஒரு மருந்துப் பெட்டி இருக்க வேண்டும் என்ற வாசகத்தை எழுத்தில் வாங்கினார்கள். பள்ளிக்கூடமும் கேட்டார்கள். அதற்கும் வாக்குறுதி கிடைத்தது. தங்கள் பிள்ளைகள் தங்கள் நிலத்திலேயே படிக்கலாம் என்றுதான் அவர்கள் நம்பினார்கள்.

ஒட்டாவாவின் கணக்கு வேறாக இருந்தது. 1879இல் நிக்கொலஸ் ஃப்ளட் டேவின் என்ற பத்திரிகையாளரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்குள்ள பூர்வகுடிப் பள்ளிகளைப் பார்த்து வரச் சொன்னது அரசு. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தொலைவில் தங்க வைத்துப் படிக்க வைப்பதே சரி என்று அவர் எழுதிக் கொடுத்தார். பிரதமர் ஜான் மெக்டொனால்டுக்கும் அதே எண்ணம்தான். 1883இல் பேட்டில்ஃபோர்டிலும், 1884இல் குவாப்பெல்லிலும் ஹை ரிவரிலும் தொழிற்பள்ளிகள் திறக்கப்பட்டன. கட்டடத்துக்கும் மானியத்துக்கும் அரசு பொறுப்பு. நடத்தும் பொறுப்பு கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகளிடம் போனது. உறைவிடப் பள்ளி முறை இப்படித் தொடங்கியது.

இந்தக் கதை புரிய இரண்டு நிர்வாக ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு வறட்டுச் சட்ட விஷயங்கள்தான். ஆனால் பிள்ளைகளின் உயிர் இவற்றில்தான் தொங்கியது.

முதலாவது, 1867ஆம் ஆண்டின் அரசியல் சட்டம். சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாகாணங்களின் பொறுப்பு. பூர்வகுடிகளும் அவர்களுக்கென ஒதுக்கிய நிலங்களும் ஒன்றிய அரசின் பொறுப்பு. அப்படியானால் ஒதுக்குநிலத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அது யார் பொறுப்பு? மாகாணத்தின் சுகாதாரச் சட்டங்கள் அந்த எல்லைக்கல்லோடு நின்றுவிட்டன. ஒன்றியத்திலோ சுகாதாரத் துறை என்று ஒன்று அப்போது இல்லை. அங்கே இருந்தது, பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று அழைத்த இந்திய விவகாரத் துறை. நிலம், பத்திரம், உதவித்தொகை, ரேஷன், பள்ளி எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் எழுதி வந்த அலுவலகம்.

இரண்டாவது, தலைக்கு இவ்வளவு என்ற மானியம். தொடக்கத்தில் தொழிற்பள்ளிகளின் செலவு முழுவதையும் அரசே ஏற்றது. செலவு கூடியதும் 1892இல் அதை நிறுத்தி, பள்ளியில் இருக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது. மேற்குச் சமவெளியின் விடுதிப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் 72 டாலர். தொழிற்பள்ளிகளுக்கு அதைவிடக் கூடுதல். சாப்பாடு, துணி, விறகு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். போதாத குறைக்குச் சபையின் நன்கொடை, அதற்கும் மேல் பிள்ளைகளின் உழைப்பு. பாதி நாள் பாடம், பாதி நாள் வயல், மாட்டுத் தொழுவம், தையல், சமையலறை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பள்ளி முதல்வர் என்ன செய்வார்? கட்டில் காலியாக இருந்தால் வருமானம் போகும். அதனால் பிள்ளை பிடிப்பதில் சபைக்குச் சபை போட்டி. உடல்நலம் பார்த்துச் சேர்க்க யாருக்கும் மனமில்லை. இருமும் பிள்ளையும் ஒரு தலைதான், கழுத்தில் கண்டமாலை வெடித்து ஒழுகும் பிள்ளையும் ஒரு தலைதான். நோய் முற்றிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் ஒரு தலை குறைந்துபோகும் என்பதால் கடைசி வரை வைத்திருந்தார்கள். கொடியவர்கள் ஒன்றுகூடித் திட்டம் போட்டுச் செய்ததாக இதைப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. மானியத்தின் விதியே இதைச் செய்ய வைத்தது. விதியைத் தெரிந்தவர்கள் அதை மாற்ற மறுத்ததுதான் இந்தப் பகுதியின் கதை.

1904இல் இந்தத் துறைக்குள் ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். பெயர் பீட்டர் ஹெண்டர்சன் பிரைஸ். 1853இல் ஒன்டாரியோவில் பிறந்தவர். 1882இல் அந்த மாகாணத்தின் சுகாதார வாரியத்துக்குச் செயலாளரானவர். கனடாவுக்கே முன்மாதிரியான ஒன்டாரியோ பொதுச் சுகாதாரச் சட்டத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. 1900இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவராக இருந்தார். குடியேற்றத்தைக் கவனித்த உள்துறைக்கும் இந்திய விவகாரத் துறைக்கும் சேர்த்து அவரைத் தலைமை மருத்துவ அதிகாரியாக அமர்த்தினார்கள். துறைமுகத்தில் வந்திறங்கும் ஐரோப்பியர்களைச் சோதிப்பதே பெரிய வேலை என்று கருதப்பட்ட பதவி அது. பூர்வகுடிகளின் பக்கத்தை அவர் ஒப்புக்குப் பார்த்துக்கொள்வார் என்று மேலிடம் நினைத்திருக்கலாம்.

பிரைஸ் எண்ணத் தொடங்கினார். சுகாதாரத் துறையில் வளர்ந்தவருக்கு முதல் வேலை அதுதான்: எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள், எதனால் சாகிறார்கள். ஏஜென்ட்களிடமிருந்து கணக்கு வாங்கித் தொகுத்தபோது, பூர்வகுடிகளின் இறப்பு விகிதம் நாட்டின் மொத்த விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. சில மாகாணங்களில் மூன்று மடங்கைத் தாண்டியது. பெரும் காரணம் காசநோய்.

1882இலேயே ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அது பரம்பரைச் சாபமல்ல, தொற்று என்பது உறுதியாகி 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்து கிடையாது, ஆனால் வழி தெரியும்: திறந்த காற்று, வெளிச்சம், நல்ல உணவு, ஓய்வு, நோயாளியைத் தனியே படுக்க வைப்பது. கனடாவின் முதல் சானடோரியம் 1897இல் மஸ்கோகா ஏரிப் பகுதியில் திறக்கப்பட்டது. சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிலையத்தின் பெயர். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே அமைத்த மருத்துவமனையும் இதே வழியைப் பின்பற்றியதுதான். ஆக, பிரைஸ் சொன்னதில் புதுமை எதுவுமில்லை. நகரத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு எதைச் செய்தார்களோ அதையே அவர் கேட்டார்.

1907இல் மானிட்டோபாவிலும் அதற்கு மேற்கே உள்ள சமவெளிகளிலும் இருந்த 35 பள்ளிகளை அவர் பார்வையிட்டார். அவருடைய அறிக்கையில் என் மனதை விட்டுப் போகாதது படுக்கையறைகளைப் பற்றிய பகுதி. மேற்கின் குளிர்காலம் நீண்டது. ஆண்டில் குறைந்தது 7 மாதங்களுக்கு ஜன்னல்களுக்கு இரட்டைச் சட்டம் போட்டு அடைத்துவிடுவார்கள், விறகு மிச்சப்பட. இரண்டு மூன்று பள்ளிகளைத் தவிர வேறெங்கும் காற்றோட்டத்துக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை. அந்த அறைகளில் பிள்ளைகள் இரவில் 10 மணி நேரம் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். தொடக்கத்தில் காற்று சுத்தமாகவே இருந்தாலும் 15 நிமிடங்களில் கெட்டுவிடும் என்று அவர் கணக்கிட்டார். இருமலோடு ஒரு பிள்ளை அங்கே படுத்தால் பக்கத்துக் கட்டில்களின் கதி என்ன? இப்படி ஒரு நிலைமையை நாமே உண்டாக்கி வைத்திருக்கும்போது விளைவு இன்னும் மோசமாக இல்லாமல் போனதே ஆச்சரியம் என்று, அரசு அதிகாரி ஒருவர் அரசு அச்சகத்தில் அச்சான அறிக்கையில் எழுதினார்.

பள்ளி முதல்வர்களிடம் அவர் ஒரு கேள்வித்தாளையும் கொடுத்திருந்தார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்தவர்கள் யார், இப்போது அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். பதில் அனுப்பியவை 15 பள்ளிகள் மட்டுமே. அந்தப் பதில்களில் இருந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய 25 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஒரே ஒரு பள்ளி பிசகில்லாத கணக்குக் கொடுத்திருந்தது. அங்கே படித்து வெளியேறியவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடில்லை. பிற்காலத்தில், முழுக் கணக்குக் கொடுத்த பள்ளி என்று சஸ்காச்சுவானின் ஃபைல் ஹில்ஸைப் பெயர் சொல்லி, 16 ஆண்டுகளில் அதன் மாணவர்களில் 75 சதவீதம் பேர் மாண்டார்கள் என்றே எழுதினார். காரணம் என்ற இடத்தில் எங்கு பார்த்தாலும் காசநோய்.

இந்தச் சதவீதங்களைக் கையாளும்போது கவனம் தேவை. 25 சதவீதம் என்பது பதிலளித்த பள்ளிகளின் கணக்கு. பதிலே அனுப்பாத 20 பள்ளிகள் அதில் சேரவில்லை. வீட்டுக்குத் திரும்பிச் சில மாதங்களில் இறந்த பிள்ளையைப் பல பள்ளிகள் எழுதி வைக்கவில்லை. கணக்கு எவ்வளவு துல்லியமோ அந்த அளவுக்குச் சாவும் கூடித் தெரிந்தது என்பதுதான் ஃபைல் ஹில்ஸ் காட்டும் பயங்கரம்.

1907 நவம்பரில் செய்தி வெளியே வந்தது. ஒட்டாவாவின் ஈவினிங் சிட்டிசன் பத்திரிகை பெரிய தலைப்பிட்டு வெளியிட்டது. டொராண்டோவின் சாட்டர்டே நைட் வார இதழ், போர்க்களத்தில்கூட இந்த விகிதத்தில் ஆட்கள் சாவதில்லை என்று எழுதியது. டொராண்டோ வழக்கறிஞர் எஸ். எச். பிளேக் ஆங்கிலிக்கன் சபையின் மிஷன் பணிகளை ஆராய்ந்து வந்தவர். தடுக்கக்கூடிய சாவுகளைத் தடுக்காமல் இருப்பதன் மூலம் துறை கொலைக்குற்றத்தை நெருங்குகிறது என்ற பொருளில் அவர் அமைச்சருக்கே எழுதினார்.

எதிர்வாதமும் வலுவாகக் கிளம்பியது. நோய் பள்ளியில் பிறக்கவில்லை, ஒதுக்குநிலத்துக் குடிசைகளிலிருந்து வருகிறது என்றார்கள் முதல்வர்கள் பலர். அந்த இனத்துக்கே இயற்கையில் எதிர்ப்புச் சக்தி குறைவு என்றார்கள் வேறு சிலர். குடிசைகளிலும் நோய் இருந்தது உண்மைதான். காட்டெருமை அழிந்த பிறகு பசியும் நெருக்கடியும் அங்கே காசநோயை வளர்த்திருந்தன, அதை முந்தைய பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம். ஆனால் நோயுள்ள பிள்ளையைத் தெரிந்தே கொண்டுவந்து நலமான பிள்ளைகளோடு பூட்டி வைத்தால், ஒரு குடிசையின் நோய் பத்து ஊர்களின் நோயாகும். வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையோடு அது மறுபடி குடிசைக்குப் போகும். தொற்றும் என்பதையே சில பள்ளி முதல்வர்களும் மருத்துவர்களும்கூடக் குறைத்துப் பேசியதை பிரைஸ் தம் அறிக்கையில் குறித்திருக்கிறார்.

அவருடைய பரிந்துரைகள் என்னவாயின? அறிக்கையின் எண்கள்தான் அச்சாயின. பரிந்துரைகளை அரசு வெளியிடவே இல்லை. பள்ளிகளை அரசே முழுமையாக ஏற்று நடத்த வேண்டும், ஏனெனில் உடன்படிக்கையில் வாக்குக் கொடுத்தது அரசு. பள்ளிகள் பிள்ளைகளின் ஊருக்கு அருகில் இருக்க வேண்டும். முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும். நோயுற்றவர்களுக்குப் பள்ளியிலேயே திறந்த காற்றுச் சிகிச்சை வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. 1909இல் கால்கரி மருத்துவர் லாஃபர்ட்டியோடு சேர்ந்து ஆல்பர்ட்டாவில் 243 பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். எல்லா வயதுப் பிள்ளைகளிடமும் காசநோய் இருந்தது. பள்ளிகளைக் கிட்டத்தட்ட சானடோரியங்களாகவே நடத்த வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார்.

அதைப் படித்துப் பார்த்து நிராகரித்தவர் டங்கன் கேம்ப்பெல் ஸ்காட். கனடாவின் பாடநூல்கள் நீண்ட காலம் அவரைக் கவிஞராகவே கொண்டாடின. தன் தலைமுறையின் முதன்மைக் கவிஞர்களில் ஒருவர். பூர்வகுடிகளைப் பற்றி உருக்கமாகக் கவிதை எழுதியவர். 1879இல் நகல் எழுதும் குமாஸ்தாவாகத் துறைக்குள் வந்து, கணக்குப் பிரிவின் தலைவராக உயர்ந்து, 1909இல் கல்விப் பிரிவின் பொறுப்பாளராகி, 1913இல் துறையின் தலைமைச் செயலாளர் நிலைக்கு வந்தார். 1932 வரை அந்த நாற்காலியில் இருந்தார். பிரைஸின் திட்டம் அறிவியல்படி சரியாக இருக்கலாம், ஆனால் இந்தப் பள்ளிகள் நடக்கும் முறைக்கு அது பொருந்தாது என்பதே ஸ்காட்டின் பதில். பள்ளிகள் நடக்க வேண்டுமானால் மாணவர்களில் பலருக்குக் காசநோய் வரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றும் எழுதினார். முறையை மாற்றுவது என்ற யோசனைக்கே அவரிடம் இடமில்லை.

சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1910 நவம்பரில் சபைகளை ஒட்டாவாவுக்கு அழைத்துப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். மானியத்தை 125 டாலர் வரை உயர்த்தினார்கள். படுக்கையறையில் பிள்ளைக்கு 500 கன அடி, வகுப்பறையில் 250 கன அடி காற்றுவெளி இருக்க வேண்டும் என்றார்கள். மருத்துவச் சான்று இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். காகிதத்தில் இவை பிரைஸின் கோரிக்கைகளைப் போலவே தோன்றும். ஆனால் தலைக்கு மானியம் என்ற அடிப்படை அப்படியே நின்றது. சபைகளின் கைக்குள் பள்ளிகள் அப்படியே நின்றன. நான்கு ஆண்டுகளுக்குள் உலகப் போர் வந்து விலைவாசி ஏறியதும், கூட்டிக் கொடுத்த மானியத்தின் மதிப்பும் கரைந்துபோனது.

ஸ்காட் தலைமைக்கு வந்த பிறகு, உங்கள் ஆண்டறிக்கை இனித் தேவையில்லை என்று பிரைஸிடம் சொல்லப்பட்டது. செலவைக் காரணம் காட்டினார்கள். 1918இல் மருத்துவ ஆய்வாளர் பதவியும் சிக்கனம் என்ற பெயரில் ஒழிக்கப்பட்டது. சாவு குறையவில்லை, சாவை எண்ணும் வேலைதான் நின்றது. இந்தத் தொடருக்காகப் படித்த அத்தனை நிகழ்ச்சிகளிலும் இதையே மிகக் கொடியதாக நான் கருதுகிறேன். தெரியாமல் செய்தோம் என்று பின்னாளில் யாரும் தப்பிக்க முடியாது. 1914இல் வெளியான ஒரு வரலாற்றுத் தொகுதிக்கு எழுதிய கட்டுரையில் ஸ்காட்டே ஒப்புக்கொண்டிருக்கிறார்: இந்தப் பள்ளிகளுக்குள் போன பிள்ளைகளில் பாதிப்பேர், தாங்கள் பெற்ற கல்வியின் பயனை அனுபவிக்க உயிரோடு இருக்கவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது என்கிறார். எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் பாதி என்கிற அளவுக்கு பிரைஸ்கூடப் போகவில்லை.

ஆய்வாளர் பதவி ஒழிந்த அதே 1918இன் இறுதியில் இன்ஃப்ளூயன்சா வந்தது. ஆல்பர்ட்டாவின் ரெட் டியர் தொழிற்பள்ளியில் பிள்ளைகளும் பணியாளர்களும் ஒருசேரப் படுத்துவிட்டார்கள். நோயாளிகளைப் பிரித்து வைக்கத் தனியறை இல்லை, மருத்துவக் கருவி எதுவும் இல்லை. ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளியிலிருந்து தப்பியோடி ஒதுக்குநிலத்தில் போய் இறந்தார். மற்றவர்களைப் புதைக்கப் பள்ளியில் எழுந்து நிற்கத் தெம்புள்ளவர் இல்லாததால் ஊரிலிருந்து ஆள் வைத்து, இருவருக்கு ஒரு குழியாக அடக்கம் செய்தார்கள். நோய் வந்தால் இந்தப் பள்ளியின் நிலைமை குற்றச்செயலுக்குச் சமம் என்று முதல்வர் வுட்ஸ்வொர்த் ஒட்டாவாவுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு பள்ளி மூடப்பட்டது.

1920இல் ரெஜைனா மருத்துவர் கார்பெட்டைச் சில பள்ளிகளைப் பார்த்து வர அனுப்பினார்கள். கால்கரியை ஒட்டியிருந்த சார்சீ ஒதுக்குநிலத்தில் (அந்த மக்கள் இன்று தங்களைச் சூட்டினா என்று அழைத்துக்கொள்கிறார்கள்) பள்ளியில் இருந்தவர்கள் 33 பிள்ளைகள். நான்கு பேரைத் தவிர அனைவருக்கும் காசநோய். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கழுத்துக் கட்டிகள் பழுத்து உடைந்த பிள்ளைகள், சீழ் வடிவதை மறைக்கக் கழுத்தைச் சுற்றித் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு மேசைகளில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். இரட்டை ஜன்னல்களைப் பற்றி பிரைஸ் எழுதி 13 ஆண்டுகள் கடந்திருந்தன. பிறகு அந்தப் பள்ளியை மூடிக் காசநோய் மருத்துவமனையாக மாற்றினார்கள்.

அதே 1920இல்தான் இந்தியர் சட்டத்தில் திருத்தம் வந்தது. 7 முதல் 15 வயது வரையுள்ள பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம், சிறை. நாட்டின் உடலோடு கரைந்துபோகாத பூர்வகுடி ஒருவர்கூட மிஞ்சாதவரை ஓயப் போவதில்லை என்று நாடாளுமன்றக் குழுவின் முன் ஸ்காட் சொன்னதும் அந்தத் திருத்தத்தை ஆதரித்துத்தான். பிள்ளை போனால் திரும்பாது என்று தெரிந்த தாய்மார்கள் காட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். அதற்குப் பேர் குற்றம் ஆனது. இறந்த பிள்ளையின் உடலை ஊருக்கு அனுப்புவதைவிடப் பள்ளி அருகே புதைப்பது மலிவு என்பதால் பலரை அங்கேயே புதைத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று பல பெற்றோருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இந்த விவாதம் முழுவதிலும் பேசியவர்கள் அமைச்சர்கள், அதிகாரிகள், பாதிரிமார்கள், மருத்துவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களை எந்த மேசைக்கும் அழைக்கவில்லை. போரிலிருந்து திரும்பிய மோஹாக் லெஃப்டினன்ட் ஃப்ரெட் லாஃப்ட், நாடு தழுவிய பூர்வகுடிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி நிலத்தையும் கல்வியையும் பற்றிப் பேசியபோது, அவருடைய சட்டப்படியான பூர்வகுடி அந்தஸ்தையே பறித்துவிட ஸ்காட் முயன்றார். 1927இல் நில உரிமை வழக்குக்காகப் பூர்வகுடிகள் பணம் திரட்டுவதையே சட்டம் தடை செய்தது. மருந்துப் பெட்டி எங்கே என்று கேட்க நீதிமன்றப் படி ஏறினால் வக்கீல் கட்டணத்துக்கு வசூலிக்கக் கூடாது.

1919இல் ஒன்றிய அரசு ஒருவழியாகச் சுகாதாரத் துறையைத் தொடங்கியது. பூர்வகுடிகளின் மருத்துவமும் அதன்கீழ் வரும் என்று பிரைஸ் எதிர்பார்த்தார். தொடக்க வரைவில் அது இருந்ததாகவும் பின்னர் நீக்கப்பட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். துறையின் முதல் துணையமைச்சர் பதவி டாக்டர் ஜான் அமியோட்டுக்குப் போனது. பிரைஸுக்கு அதில் மனக்குறை இருந்தது. அவருடைய பிற்காலக் கோபத்தில் அந்தக் குறையும் கலந்திருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே. அவர் காட்டிய எண்கள் அவருடைய மனக்குறையால் கூடவுமில்லை, குறையவுமில்லை.

1921இல் அவரை ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 1922இல், அரசுப் பணியின் வாய்ப்பூட்டு கழன்றதும், ஒட்டாவாவில் ஜேம்ஸ் ஹோப் நிறுவனம் வழியாக ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். தலைப்பிலேயே இதை ஒரு தேசியக் குற்றம் என்று பெயர் சொல்லி அழைத்தார். தம் பரிந்துரைகள், அவற்றை முடக்கியவர்களின் பெயர்கள், ஆண்டுவாரியாக நடந்தவை எல்லாம் அதில் உண்டு. ஒரு ஒப்பீடு நெஞ்சில் தைக்கிறது. 300க்கும் மேற்பட்ட குழுக்களாக நாடெங்கும் பரவியிருந்த 1,05,000 பூர்வகுடிகளின் காசநோய்த் தடுப்புக்கு அரசு ஒதுக்கியது 10,000 டாலர். ஏறக்குறைய அதே மக்கள்தொகை கொண்ட ஒட்டாவா நகரம் 1919இல் மருத்துவமனைகளுக்குச் செலவழித்தது 3,42,000 டாலருக்கும் மேல். அதில் காசநோயாளிகளுக்கு மட்டும் 33,000 டாலருக்கும் மேல். ஒதுக்குநிலத்துக்கு வழி தெரியாமல் திணறிய அரசின் அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, அதே வீதியில் இந்தச் செலவு நடந்துகொண்டிருந்தது.

பிரைஸை முழு வீரராக நிறுத்துவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்து வேறு மனிதர்களாக மாற்றும் நோக்கத்தை அவர் கேள்வி கேட்கவில்லை. பள்ளிகளை மூடச் சொல்லவில்லை. நல்ல காற்றும் நல்ல மருத்துவரும் உள்ள பள்ளிகள் இன்னும் கூடுதலாக வேண்டும் என்றே கேட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்த முறை சரியாகிவிடும் என்று நம்பிய காலத்து மனிதர் அவர். அப்படியிருந்தும், அந்த ஜன்னலைத் திறக்கும் செலவுக்கே அவருடைய நாடு சம்மதிக்கவில்லை.

பிரசுரம் வெளிவந்தது, சிலர் படித்தார்கள். விசாரணை இல்லை, பதவி விலகல் இல்லை. கடைசி உறைவிடப் பள்ளிகள் மூடப்பட இன்னும் 70 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. 2008இல் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் அறிக்கையைக் கொடுத்தபோது, 1,50,000 பிள்ளைகளாவது இந்தப் பள்ளிகளுக்குள் போயிருப்பார்கள் என்றது. இறந்தவர்கள் என்று அது அப்போது பதிவேட்டில் ஏற்ற முடிந்தது சுமார் 3,200 பேர். பின்னர் அந்த எண்ணிக்கை 4,000ஐத் தாண்டியது. அந்த 3,200 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெயர் எழுதப்படவில்லை. பாதிப்பேருக்குச் சாவின் காரணம் எழுதப்படவில்லை. சாவுகளைச் சரிவர எண்ணாமல் விட்டதன் விளைவு இந்த வெற்றுக் கட்டங்கள். டொராண்டோவில் வாழும் நம் வாசகர்களின் பிள்ளைகள் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள் அல்லவா, அது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

மாகாணமா ஒன்றியமா என்ற பழைய இழுபறியும் தீர்ந்தபாடில்லை. மானிட்டோபாவின் நார்வே ஹவுஸ் க்ரீ சமூகத்தைச் சேர்ந்த, 1999இல் பிறந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்ற சிறுவனுக்குச் சிக்கலான நோய். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டில் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்று இரு அரசுகளும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாதாடின. 2005இல், ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே இறந்துபோனான். முதலில் பிள்ளைக்குச் செய், பிறகு யார் பணம் கொடுப்பது என்று சண்டை போடு என்ற தீர்மானத்தை அவன் பெயரால் 2007இல் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

நம் கதையின் காலத்துக்குத் திரும்புவோம். ஆறாம் உடன்படிக்கையின் மருந்துப் பெட்டி 1935இல் நீதிமன்றம் ஏறியது. மிஸ்டவாசிஸ் குழுவின் தலைவர் ஜார்ஜ் ட்ரீவர் தொடுத்த வழக்கில், தங்கள் நிதியிலிருந்து மருந்துக்குப் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1933இல், சஸ்காச்சுவானின் குவாப்பெல் பள்ளத்தாக்கில் டாக்டர் ஃபெர்குசன் பூர்வகுடிக் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். தடுப்பூசி பலித்தது. ஆனால் ஊசி போட்ட குழந்தைகளிலும் போடாத குழந்தைகளிலும் பலர் காசநோய் அல்லாத வேறு காரணங்களால் இறந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)